பழைய டியூப் லைட்டில் எல்.ஈ.டி. பொருத்துவது எப்படி?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழையும் மண்சரிவும் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் பெருந்தொகையான குடும்பங்களை வீட்டையும் மரக்கறித் தோட்டத்தையும் விட்டு வெளியேற வைத்தன. சிலர் பாடசாலைகளிலும் தோட்ட மண்டபங்களிலும் தங்கினார்கள். சிலர் உறவினர் வீட்டிலும், சிலர் வாடகை அறையிலும் ஒதுங்கினார்கள். சேறு வடிந்தபின் வீடு திரும்பியவர்களும் உண்டு. எங்கே தங்கினாலும், மாலையானதும் சமைப்பதற்கும் பிள்ளைகள் படிப்பதற்கும் வெளிச்சம் வேண்டும். மாத முடிவில் அந்த வெளிச்சத்துக்கான பட்டியலும் வந்து சேரும்.

மலையகத்தின் மண்டபங்களிலும் பல வீடுகளிலும் இன்றும் தொங்குவது பழைய டியூப் லைட்தான். "அந்தச் சட்டத்தைக் கழற்றவே தேவையில்லை, எல்.ஈ.டி. டியூப்பை வாங்கி அப்படியே மாட்டினால் சரி" என்று கடையில் சொல்வார்கள். இது பாதி உண்மை. புதிய டியூப் பழைய சட்டத்தில் அளவாகப் பொருந்தும். ஆனால் சட்டத்துக்குள் இருக்கும் வயர் இணைப்பு அதற்குப் பொருந்துமா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்காமல் மாட்டுவதால் டியூப் எரிந்து போகலாம். சில வேளை ஆளுக்கே ஆபத்து வரலாம். எனவே மாற்றும் முன் அறிய வேண்டியவற்றை இங்கு வரிசையாகத் தருகிறோம்.

ஏன் மாற்ற வேண்டும்?

முதற் காரணம் செலவு. நான்கு அடி டியூப் ஒன்று 36 வாட்ஸ். அதோடு இருக்கும் இரும்புச் சோக்கும் ஏறக்குறைய 9 வாட்ஸ் எடுக்கும். ஆக மொத்தம் 45 வாட்ஸ். அதே இடத்தில் பொருத்தும் எல்.ஈ.டி. டியூப் பொதுவாக 18 வாட்ஸ்தான். ஒரு நாளைக்கு 5 மணித்தியாலம் எரிந்தால் கணக்கு இப்படி வரும்:

பழைய டியூப்: 45 × 5 × 30 = 6,750. இதை 1,000ஆல் வகுத்தால் மாதத்துக்கு 6.75 அலகு.

எல்.ஈ.டி. டியூப்: 18 × 5 × 30 = 2,700. அதாவது மாதத்துக்கு 2.7 அலகு.

ஒரு டியூப்பில் மாதம் 4 அலகு மிச்சம். இது சிறிய தொகையாகத் தோன்றலாம். ஆனால் வீட்டு மின்கட்டணத்தில் 60 அலகு ஒரு முக்கிய எல்லையாக இருந்து வந்திருக்கிறது. 2022இன் பின் பல தடவை மாறிய கட்டணங்களிலும் இந்த எல்லை இருந்தது. 60ஐத் தாண்டிய வீட்டுக்கு மேலதிக அலகுக்கு மட்டுமல்ல, முதல் 60 அலகுக்கும் கூடிய விலை போடப்பட்டது. மாதம் 64 அலகு எரிக்கும் குடும்பம் இரண்டு டியூப்களை மாற்றினால் 56க்கு இறங்கிவிடும். அங்கேதான் பட்டியலில் உண்மையான வித்தியாசம் தெரியும். உங்கள் பட்டியலில் மாத அலகு எத்தனை என்பதை முதலில் பாருங்கள்.

பொது மண்டபங்களில் மிச்சம் இன்னும் பெரிது. எட்டு டியூப்கள் இரவில் 10 மணித்தியாலம் எரியும் மண்டபத்தில் மாதத்துக்கு 108 அலகு போகும். எல்.ஈ.டி. ஆனால் 43 அலகுதான். பல குடும்பங்கள் பங்குபோட்டுப் பட்டியல் கட்டும் இடத்தில் இது எல்லோருக்கும் உதவும்.

இரண்டாவது காரணம் நமது குளிர். பழைய டியூப் ஒளிர்வதற்கு அதனுள் இருக்கும் பாதரசம் ஆவியாக வேண்டும். நுவரெலியாவில் சனவரி இரவுகளில் வெப்பநிலை 10 பாகைக்கும் கீழே போகும். அப்போது டியூப் பலமுறை கண்சிமிட்டித்தான் பற்றும். பற்றியபின்னும் மங்கலாக எரியும். எல்.ஈ.டி.க்குக் குளிர் தடையில்லை. அதற்குப் பகை வெப்பம்தான்.

மூன்றாவது, மின்னழுத்தக் குறைவு. வயர் நீண்டு செல்லும் தோட்டப் பிரிவுகளில் மாலை ஆறு மணிக்கு எல்லா வீட்டிலும் விளக்கு எரியும்போது மின்னழுத்தம் 230 வோல்ட்ஸிலிருந்து நன்றாக இறங்கும். அந்நேரம் பழைய டியூப் பற்றாமலே நிற்கும். எல்.ஈ.டி. டியூப்கள் பல குறைந்த வோல்ட்ஸிலும் வேலை செய்யும். எவ்வளவு வரை என்பது பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும். அதைப் பார்த்து வாங்குங்கள்.

நான்காவது, பழைய டியூப் இனிக் கடையில் கிடைப்பது அரிதாகும். பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையின் நாடுகள் 2023இல் ஜெனீவாவில் கூடி, இத்தகைய நீண்ட டியூப்களின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027 முடிவுக்குள் நிறுத்தத் தீர்மானித்தன. இலங்கையும் இந்த உடன்படிக்கையில் சேர்ந்த நாடுதான்.

பழைய சட்டத்துக்குள் என்ன இருக்கிறது?

இதை விளங்கிக்கொண்டால் மற்றவை எல்லாம் எளிது. பழைய சட்டத்தில் மூன்று பொருட்கள் உண்டு: டியூப், சோக், ஸ்டார்டர்.

சோக் என்பது கம்பி சுற்றிய பாரமான இரும்புப் பெட்டி. டியூப்புக்குள் மின்சாரம் அளவுக்கு மீறிப் பாயாமல் தடுப்பது அதன் வேலை. ஸ்டார்டர் என்பது சட்டத்தின் பக்கத்தில் செருகியிருக்கும் சிறிய உருளை. டியூப் பற்றும்வரை மட்டும் அது வேலை செய்யும்.

மின்சாரம் போகும் பாதை இதுதான். உயிர் வயரிலிருந்து சோக்குக்கு. சோக்கிலிருந்து டியூப்பின் ஒரு முனையில் உள்ள ஓர் ஊசிக்கு. அதே முனையின் மற்ற ஊசியிலிருந்து ஸ்டார்டர் வழியாக மறுமுனையின் ஓர் ஊசிக்கு. அந்த முனையின் மற்ற ஊசியிலிருந்து நியூட்ரல் வயருக்கு. நான்கு ஊசிகளும் இப்படித்தான் இணைந்திருக்கும்.

ஸ்டார்டரே இல்லாத சட்டங்களும் உண்டு. சுவிட்சைப் போட்டவுடன் கண்சிமிட்டாமல் எரிபவை அவை. அவற்றில் இருப்பது இலத்திரனியல் சோக். அதைத் தூக்கினால் பாரமிருக்காது. உங்களிடம் இருப்பது எது என்று பார்க்க, ஸ்டார்டர் இருக்கிறதா என்று தேடினால் போதும்.

எல்.ஈ.டி. டியூப்பில் மூன்று வகை

வெளியே பார்க்க எல்லாம் ஒன்றுபோல இருக்கும். இணைப்பில்தான் வேறுபாடு.

முதல் வகை, ஸ்டார்டரோடு வருவது. பெட்டிக்குள் டியூப்போடு ஒரு சிறிய எல்.ஈ.டி. ஸ்டார்டரும் இருக்கும். பழைய ஸ்டார்டரை எடுத்துவிட்டு இதைச் செருக வேண்டும். உள்ளே இருப்பது ஒரு மெல்லிய உருகி மட்டுமே. மின்சாரத்தை நேராகக் கடத்துவதுதான் அதன் வேலை. இரும்புச் சோக் அப்படியே இருக்கலாம். எல்.ஈ.டி. எரியும்போது அது ஒன்றிரண்டு வாட்ஸ்தான் எடுக்கும். எந்த வயரையும் வெட்ட வேண்டியதில்லை.

இரண்டாவது வகை, ஒரு முனையில் மட்டும் மின்சாரம் எடுப்பது. சோக்கையும் ஸ்டார்டரையும் இணைப்பிலிருந்து நீக்கி, ஒரே முனையின் இரண்டு ஊசிகளுக்கு உயிர் வயரையும் நியூட்ரல் வயரையும் கொடுக்க வேண்டும். மறுமுனை டியூப்பைத் தாங்குவதற்கு மட்டுமே.

மூன்றாவது வகை, இரண்டு முனைகளிலும் எடுப்பது. ஒரு முனைக்கு உயிர் வயர், மறுமுனைக்கு நியூட்ரல். இதில் ஒவ்வொரு முனையின் இரண்டு ஊசிகளும் டியூப்புக்குள்ளேயே ஒன்றாக இணைந்திருக்கும்.

ஆபத்து எங்கே வருகிறது என்று இப்போது பாருங்கள். மூன்றாவது வகை டியூப்பை மாட்டிய சட்டத்தில் யாரோ எல்.ஈ.டி. ஸ்டார்டரையும் செருகினால், உயிர் வயரும் நியூட்ரலும் டியூப்பின் உள்ளே இருக்கும் சுற்றைத் தொடாமலே ஒன்றுசேர்ந்துவிடும். சோக் இருந்தால் அது சூடேறும். நீக்கியிருந்தால் நேரடிச் ஷோர்ட் ஆகும். மூன்றாவது வகை டியூப்பை இரண்டாவது வகைக்காக இணைத்த முனையில் மாட்டினாலும் அதே ஷோர்ட்தான். எல்.ஈ.டி. ஸ்டார்டர் இருக்கும் சட்டத்தில் பழைய டியூப்பைத் திரும்ப மாட்டினால், டியூப்பின் முனைக் கம்பிகளும் சோக்கும் நிற்காமல் சூடாகிக்கொண்டே இருக்கும். மூன்றாவது வகையைக் கரண்ட் இருக்கும்போது மாட்டினால், ஒரு முனை செருகியவுடன் கையில் இருக்கும் மறுமுனையின் ஊசியிலும் மின்சாரம் வரக்கூடும்.

எனவே பெட்டியில் அல்லது டியூப்பின் உடலில் அச்சிட்டிருக்கும் இணைப்புப் படத்தைப் பார்க்காமல் எதையும் வாங்க வேண்டாம். படம் இல்லாத டியூப்பை வாங்கவே வேண்டாம், எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி.

இடம்பெயர்ந்து இருப்பவர்களுக்கு ஏற்றது எது?

சொந்த வீட்டில் நிரந்தரமாக இருப்பவர் எந்த வகையையும் தெரிவு செய்யலாம். சோக்கை நீக்கும் முறையில் பழுதாகக்கூடிய பொருள் ஒன்று குறைகிறது என்ற நன்மையும் உண்டு.

ஆனால் வாடகை அறையில், தோட்ட மண்டபத்தில், தற்காலிக வீட்டில் இருப்பவருக்கு முதல் வகையே நல்லது. அதில் செய்ததைத் திரும்ப மாற்றலாம். இடம் மாறும்போது பழைய ஸ்டார்டரையும் டியூப்பையும் மாட்டி, சட்டத்தை இருந்தபடியே கொடுத்துவிட்டு, உங்கள் காசில் வாங்கிய எல்.ஈ.டி. டியூப்பையும் அதன் ஸ்டார்டரையும் புதிய இடத்துக்குக் கொண்டுபோகலாம். இதற்காகக் கழற்றிய டியூப்பைக் கடதாசியில் சுற்றி உயரமான இடத்தில் வைத்திருங்கள். பாடசாலையாக இருந்தால் அதிபரிடமும், தோட்ட மண்டபமாக இருந்தால் நிர்வாகத்திடமும், வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இரண்டு இடங்களில் முதல் வகை உதவாது. ஒன்று, ஸ்டார்டர் இல்லாத இலத்திரனியல் சோக் உள்ள சட்டம். மற்றது, ஒரே சோக்கில் இரண்டு இரண்டு அடி டியூப்கள் எரியும் சட்டம். இந்த இரண்டுக்கும் மின்வேலை தெரிந்தவரைக் கூப்பிட வேண்டும். வயரை வெட்டிச் சேர்க்கும் எந்த வேலையும் அவருடையதே. தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் பெற்றவரா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை.

இன்னொன்றும் உண்டு. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பரா ஒன்றுக்கு டியூப் கட்டாயமில்லை. குமிழ் மாட்டும் ஹோல்டர் ஏற்கெனவே இருந்தால் 9 வாட்ஸ் எல்.ஈ.டி. குமிழ் ஒன்றே போதும். சட்டம் துருப்பிடித்து, முனைகளில் உள்ள ஹோல்டர்கள் வெடித்திருந்தால் அதைத் திருத்திப் பயனில்லை.

ஸ்டார்டர் முறையில் மாற்றும் விதம்

1. மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். சுவரில் உள்ள சுவிட்சை மட்டும் நிறுத்துவது போதாது. பழைய வீடுகளில் அந்தச் சுவிட்ச் தவறுதலாக நியூட்ரல் வயரில் போடப்பட்டிருக்கலாம். அப்போது விளக்கு அணைந்தாலும் சட்டத்தில் மின்சாரம் இருக்கும். மெயின் சுவிட்சை யாரும் போடாதபடி ஒருவரை அங்கே நிறுத்துங்கள்.

2. பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள். ஆடாத மேசையில் அல்லது ஏணியில், காய்ந்த இறப்பர்ச் செருப்போடு ஏறுங்கள். கையும் நிலமும் ஈரமாக இருக்கக்கூடாது.

3. எரிந்துகொண்டிருந்த டியூப் ஆறும்வரை பொறுங்கள். பிறகு கால் திருகு திருப்பி நேராக இழுங்கள். கீழே ஒருவர் வாங்கிக்கொள்ளட்டும்.

4. பழைய ஸ்டார்டரை இடப்பக்கமாகத் திருகி எடுங்கள். டியூப்போடு அதே பெட்டியில் வந்த எல்.ஈ.டி. ஸ்டார்டரை மட்டும் செருகுங்கள். வேறு பெட்டியில் வந்ததைப் பாவிக்க வேண்டாம்.

5. புதிய டியூப்பின் இரு முனைகளையும் ஹோல்டரில் ஏற்றிக் கால் திருகு திருப்புங்கள். எல்.ஈ.டி. டியூப் பல ஒரு பக்கமாகவே ஒளி வீசும். அந்தப் பக்கம் கீழ் நோக்கி இருக்க வேண்டும்.

6. எல்லோரும் விலகியபின் மெயின் சுவிட்சைப் போடுங்கள். எரியாவிட்டால் திரும்ப நிறுத்தி, ஊசிகள் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் திரும்பத் திரும்ப உயர்த்திப் பார்க்க வேண்டாம். டியூப்பைக் கழற்றிவிட்டு மின்வேலைக்காரரை அழையுங்கள்.

7. கடைசி வேலை: ஒரு கடதாசித் துண்டில் "எல்.ஈ.டி. மட்டும்" என்று எழுதி, மாற்றிய திகதியோடு சட்டத்தில் ஒட்டுங்கள். சோக்கை நீக்கிய சட்டமானால் "சோக் இல்லை; பழைய டியூப் மாட்டாதீர்கள்" என்றும், மின்சாரம் எந்த முனையில் என்றும் எழுதுங்கள்.

இந்த ஏழாவது படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் போனபின் அதே அறைக்கு இன்னொரு குடும்பம் வரும். அவர்களுக்கு அந்தச் சட்டத்துக்குள் என்ன மாற்றப்பட்டது என்று தெரியாது.

தண்ணீர் புகுந்த வீடுகளில்

வெள்ளமோ சேறோ புகுந்த வீட்டில் முதல் வேலை விளக்கு மாற்றுவது அல்ல. சுவிட்சுகளிலும் வயர்க் குழாய்களிலும் ஈரம் பல நாள் தங்கியிருக்கும். வெளியே காய்ந்ததாகத் தெரிந்தாலும் மெயின் சுவிட்சைப் போடாதீர்கள். மெகர் என்ற கருவியால் வயரின் காப்பைச் சோதித்துப் பார்த்தபின்பே மின்சாரம் கொடுக்க வேண்டும். நனைந்த சோக்கையும் சேறு புகுந்த சட்டத்தையும் காயவைத்துத் திரும்பப் பாவிக்கக்கூடாது. சுவர் வெடித்த வீடுகளில் சுவருக்குள் போகும் வயரும் இழுபட்டிருக்கலாம்.

ட்ரிப் சுவிட்சில் "டெஸ்ட்" என்ற பொத்தான் இருக்கும். மாதத்தில் ஒரு தடவை அதை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் ஆபத்து வரும்போதும் அது விழாது.

பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பிற்பகல் இடிமழை வருவது நமக்குத் தெரியும். மின்னல் வயர் வழியாக அனுப்பும் மின்னதிர்வு எல்.ஈ.டி.யின் உள்ளே இருக்கும் சிறு சுற்றை எரித்துவிடும். வானம் இருட்டும்போது மெயின் சுவிட்சை நிறுத்துவது டியூப்பையும் காப்பாற்றும், உங்களையும் காப்பாற்றும்.

கழற்றிய டியூப்பை என்ன செய்வது?

ஒவ்வொரு பழைய டியூப்பிலும் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. உடையாதவரை தீங்கில்லை. உடைந்தால் அந்த ஆவி மூச்சோடு உள்ளே போகும். வெள்ளைத் தூள் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருளாகத் தோன்றும். எனவே உடைந்தால் கதவு, யன்னலைத் திறந்துவிட்டு எல்லோரும் கால் மணித்தியாலம் வெளியே இருங்கள். பிறகு விளக்குமாறால் கூட்டாமல் மட்டையால் வழித்தெடுத்து, மிச்சத்தை ஒட்டும் நாடாவால் ஒற்றியெடுத்து, மூடியுள்ள போத்தலில் போட்டு மூடுங்கள்.

மரக்கறிப் பாத்தியில் புதைப்பதும், குப்பையோடு எரிப்பதும், ஓடையில் எறிவதும் கூடாது. 1956இல் ஜப்பானின் மினமாட்டா ஊரில் முதலில் தெரியவந்த நோய், தொழிற்சாலை கடலில் விட்ட பாதரசம் மீன் வழியாக மனிதருக்கு வந்ததால் ஏற்பட்டது. நமது ஓடைகள் காசல்ரி, மவுஸ்ஸாகலை, கொத்மலை நீர்த்தேக்கங்களுக்குப் போகின்றன. அந்த நீரில் மீன் பிடித்து உண்பவர்கள் நாமேதான். டியூப்பைப் பழைய பெட்டியில் போட்டு வைத்து, திரும்ப எடுக்கும் கடையிடமோ பிரதேச சபையிடமோ ஒப்படைக்கக் கேளுங்கள். சோக்கில் இரும்பும் செம்பும் இருப்பதால் பழைய இரும்பு வாங்குபவர் அதை எடுத்துக்கொள்வார்.

மிச்சமாகும் மின்சாரம் யாருடையது?

1918இலேயே மலை நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று எடுத்துச் சொன்னவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. 1950இல் லக்ஸபான நிலையம் இயங்கத் தொடங்கியது. 2012இல் மேல் கொத்மலைத் திட்டம் 150 மெகாவாட்ஸ் தரத் தொடங்கியது; அதற்காகத் தலவாக்கலைப் பகுதியில் குடும்பங்கள் வீடு மாறின. நாடு முழுவதற்கும் வெளிச்சம் போன மலையில் லயங்கள் பல மண்ணெண்ணெய் விளக்கோடு நீண்ட காலம் காத்திருந்தன. நீர்த்தேக்கம் வற்றும்போது எண்ணெய் எரித்து மின்சாரம் எடுக்க நேர்கிறது. அந்த எண்ணெய்க்கு டொலர் இல்லாமற்போன 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்ததை யாரும் மறக்கவில்லை. மிச்சம் பிடிக்கும் ஒவ்வோர் அலகும் முதலில் உங்கள் கைக்காசு. அடுத்தது நமது மலை நீர்.

சுருக்கமாக நினைவில் வைக்க:

ஸ்டார்டர் இருக்கிறதா என்று பாருங்கள். டியூப்பின் இணைப்புப் படத்தைப் பாருங்கள். வயர் வெட்ட வேண்டுமானால் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். ஈரம் புகுந்த வீட்டில் சோதனைக்கு முன் மெயின் சுவிட்சைத் தொடாதீர்கள். கழற்றிய டியூப்பை உடைக்காதீர்கள். மாற்றியதைச் சட்டத்தில் எழுதி ஒட்டுங்கள். வாசிக்கத் தெரியாத அயலவர் இருந்தால், இதை அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.